சவுக்க காலம்

பல்லவியை முடித்துவிட்டுப் பாடகர் கோதண்டபாணி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

இனி தனி ஆவர்த்தனம். மிருதங்கம் மட்டும்தான். அது முடியும்வரை பாடகர் தாளம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தத் தலையசைப்புக்காக அவள் ஆறு வருடம் காத்திருந்தாள்.

அவருக்கு வழக்கமாக வாசிப்பவர் இன்று காலை மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். சபா காரியதரிசி கைக்குக் கிடைத்த எண்ணுக்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். கோதண்டபாணி கச்சேரி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வருகிறேன் என்றுவிட்டாள்.

மேடையில் அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. அதுவும் வசதிதான்.

ஆறு வருடம் முன்பு, கும்பகோணத்தில், அவருக்கு அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, பாதிக் கீர்த்தனையில் பாட்டை நிறுத்தினார். மைக்கிலேயே சொன்னார்.

"ஓடறதேம்மா. காலப்பிரமாணம் கொஞ்சம் கையில நிக்கட்டும்."

சபை சிரித்தது.

ஓடியது அவர். அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எடுத்த வேகம் கடைசிவரை மாறாமல் நிற்க வேண்டும். அது கையில் இல்லை என்று ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டால் மிருதங்கக்காரிக்கு என்ன மிச்சம்? ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. அந்தப் பெண்ணா, ஓடுவாளே என்றார்கள். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

இன்று அவர் எடுத்திருப்பது சவுக்க காலம். நிதானத்திலும் நிதானம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஏகப்பட்ட இடம். பொறுமை இல்லாத கை அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு நேரமும் அவரை அவள்தான் தாங்கினாள். அவர் முந்தும்போதெல்லாம் இடது கையால் ஓர் அடி கொடுத்து இழுத்து நிறுத்தினாள். சபைக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது.

வாசிக்க ஆரம்பித்தாள். நன்றாகவே வாசித்தாள். முதல் வரிசை முழுக்கத் தொடையில் தாளம் போட்டது. அவர் கையும் அவர்களோடு விழுந்தது.

பிறகு அவள் கைகளை எடுத்துக்கொண்டாள்.

தாளத்தின் ஒரு சுற்றைச் சும்மா விடுவது எல்லோரும் செய்வதுதான். அரங்கம் ரசித்தது. சத்தமே இல்லாமல் கைகள் மட்டும் ஏறி இறங்கின.

அவள் இரண்டாவது சுற்றையும் விட்டாள்.

அவர் நெற்றி வேர்த்தது.

பாதிச் சுற்றில் அவர் கை தனியாக விழுந்தது. முதல் வரிசையின் கைகள் அப்போது இன்னும் மேலே இருந்தன.

கண்ணாடி போட்ட ஒருவர் தன் கையைச் சந்தேகத்தோடு பார்த்தார். பக்கத்து அம்மாளின் கையைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

வயலின்காரர் குனிந்து வில்லைத் துடைத்தார்.

சுற்றின் முதல் தட்டு வந்தது. அவள் ஓங்கி ஓர் அடி அடித்தாள். நாற்பது கைகள் அதே இடத்தில் விழுந்தன.

அவர் அதற்குள் அடுத்த எண்ணிக்கைக்கு ஓடி, சுண்டுவிரலை எண்ணிக்கொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குப் பரவாயில்லை.

அவர் முதல் வரிசையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையைச் சேர்த்துக்கொண்டார். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாசிம்மா" என்றார்.

அவளுக்குத் தொண்டைவரை இனித்தது.

வாசித்தாள். நாலே சுற்று, அவருக்கு மூச்சு திரும்பும்வரை.

பிறகு மறுபடியும் கைகளை எடுத்துக்கொண்டாள்.