அம்மா சொல்லாத பூதம்

குழந்தைகளுக்குப் படக்கதை வரையும் ஓவியருக்கு அன்று மாலைக்குள் புதுப் பூதம் ஒன்று வேண்டியிருந்தது. "எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலில் முதுகில் வாய் உள்ள ஒன்றை வரைந்தார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அட, நம்ம கட்டிலடியான்! சின்ன வயசுல நீ தூங்காம அடம்பிடிச்சா இவன் வருவான்னுதானே சொல்லுவேன்!"

ஓவியருக்கு அது நினைவே இல்லை. வாயை அழித்துவிட்டு, தரை வரை தொங்கும் காதுகளை வைத்தார்.

"இது அவனோட தங்கச்சி. சாப்பிடாத பிள்ளைக்கு வருவா."

"போம்மா! என் மண்டையில எனக்குன்னு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கும்டா கண்ணு, நல்லாத் தேடிப் பாரு."

கோபத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, கை போன போக்கில் ஒரு உருவத்தைக் கிறுக்கினார். பிறகு நிதானமாக, அதற்கு அகலத் திறந்த இரண்டு பெரிய கண்களை வரைந்தார்.

"இது யாரு, சொல்லு பார்ப்போம்."

அம்மா நெடுநேரம் பார்த்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை நான் உனக்குச் சொன்னதே இல்லையேடா. பயந்துடுவியேன்னு சொல்லாமலே விட்டுட்டேன்."

"அப்போ இதையே கொடுத்துடறேன்."

"கொடு. ஆனா மெதுவா எடுத்துட்டுப் போ." அம்மாவின் குரல் தணிந்தது. "தூங்குது பாரு."

ஓவியர் குனிந்து பார்த்தார். தாளில் இரண்டு கண்களும் மூடியிருந்தன. இப்போதுதான் அயர்ந்த பிள்ளைக்குத் துடிப்பதுபோல் இமைகள் லேசாகத் துடித்தன.