வேலியோரக் குவியல்

மங்கலம்பேட்டையில் வேலை முடிந்து வீடு திரும்பிய பிரிசில்லாவுக்கு, கணவனின் சட்டையில் புகை வாசம் அடித்தது.

"தானே புயல்ல விழுந்த முந்திரிச் சருகயெல்லாம் கொளுத்திட்டீங்களா?"

"கிணத்தடிக் குவியல மட்டுந்தான்," என்றான் அருளப்பன். "வேலியோரக் குவியல்ல முள்ளெலி குட்டி போட்டிருக்கு, கொளுத்தாதீங்கன்னு நேத்து அப்படி அழுதியே! அதத் தொடவே இல்ல. வேணும்னா போய்ப் பாரு."

பாராட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு தடவயாச்சும் என் பேச்சக் கேட்டிருக்கீங்களா? இன்னிக்கும் கேக்காம வேலியோரக் குவியலத்தான் கொளுத்துவீங்கன்னு, காலையில கெளம்புறதுக்கு முன்னாடி, தாயையும் குட்டிங்களையும் மொறத்துல அள்ளி..."

"அள்ளி?"

"கிணத்தடிக் குவியலுக்குள்ள கொண்டுபோய் வச்சேன்."