வழிநெடுக வாதம்

"உன் கடவுளுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"

மெக்கானிக் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டிய தட்டில் ஹாரன் அலறியது. பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி, "ஏன், இல்லாம என்ன?" என்றாள் சாவகாசமாக.

"ஒழுங்கா வண்டி செய்யறவன், வாராவாரம் என்னைப் புகழ்ந்து பாடுன்னு கேப்பானா? பாடலேன்னா கொளுத்திடுவேன்னு மிரட்டுவானா? அவன்கிட்ட வண்டி வாங்குவியா நீ?"

"செஞ்சவருக்கு நன்றி சொல்றதுல என்னங்க தப்பு?"

விடுவாரா மனுஷன்! வீட்டில் 'சாவி எங்கே', 'சோறு போடு' தவிர வாயே திறக்க மாட்டார். வாரம் ஒரு நாள் மனைவியைப் பிரார்த்தனை மண்டபத்துக்குக் கூட்டிப்போகும்போது மட்டும் மடை திறந்துவிடும். போகும்போது பாதி, வாசலில் காத்திருந்து அவளைத் திரும்பக் கூட்டிவரும்போது மீதி.

பாதி வழியில் வண்டி இருமிவிட்டு நின்றது. ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவருக்குச் சொந்த வண்டியைக் கவனிக்க எங்கே நேரம்! பானெட்டைத் திறந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் மண்டபத்தில் அப்புறம் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவளை ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை; அதில் அவருக்கு அப்படியொரு வீம்பு.

"ஒரு வாரம் போகலேன்னா குடியா முழுகிடும்? நிதானமாப் பாருங்க," என்றாள் அவள். "ஆமா, அந்த மிரட்டல் விஷயம்... மேல சொல்லுங்க."

"நீ வேற சும்மா இரு! உயிர் போகுது எனக்கு!"

ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்த டயர் கடைக்காரர் நின்று சிரித்தார். "சாமியே இல்லேங்கிற ஆளு நீ. அவங்க லேட்டாப் போனா உனக்கென்னய்யா?"

"நான் திட்டறது அவ நம்பறதை. நம்பறவ என் பொண்டாட்டிய்யா! முதல்ல ஸ்கூட்டரைக் குடு!"

பறந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவர் தோளைத் தட்டி, "நன்றி சொன்னா தப்பான்னு கேட்டேனே, பதிலைக் காணோம்?" என்றாள். அவர் காதில் விழவில்லை.

மண்டபத்து வாசலில் இறங்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

மெக்கானிக் தட்டு தட்டென்று தட்டினார். "ஐயா, திறங்கய்யா! கடவுள் பேரால கேக்கறேன், இவளை மட்டுமாவது உள்ள விடுங்க!"

கதவு அசையவில்லை. பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிப்போயிற்று. "மன்னிச்சிடும்மா. வாய் கிழியப் பேசுவேனே தவிர, உன் மனசு நோகணும்னு ஒரு நாளும் நினைச்சதில்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் அப்பியிருந்த கிரீஸைக் கைக்குட்டையால் துடைத்தாள். "அட, விடுங்க. எனக்கு அந்த நம்பிக்கை போயே மூணு வருஷமாச்சு. எல்லாம் நீங்க கேட்ட கேள்வியாலதான்."

"அடிப்பாவி! அப்ப வாராவாரம் உள்ள உக்காந்து என்ன பண்ணினே?"

"திரும்பிப் போறப்ப உங்களை எதிர்த்துப் பேச வேண்டாமா? அதை யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"'நீங்க ஜெயிச்சுட்டீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, அப்புறம் என்கிட்ட என்ன பேசுவீங்க?"