அய்யாவுவின் ஆட்சேபனை

பெயரைக் கேட்டதற்கு அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த சீட்டை மட்டும் நீட்டினாள். கறுப்புப் புர்காவுக்குள் கண்கள்தான் தெரிந்தன. அவையும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பூத் ஏஜென்டுகள் வரிசையில் உட்கார்ந்திருந்த அய்யாவு நிமிர்ந்தார். காலை ஏழு மணியிலிருந்து அவர் காத்திருந்தது இப்படி ஓர் ஆளுக்காகத்தான்.

சட்டமன்றத் தேர்தல். பெங்களூர் அல்சூரில் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கோயில் தெருவுக்கும் மசூதிச் சந்துக்கும் ஓட்டு. கோயில் ஊர்வலத்தில் வந்த தகராறுக்குப் பிறகு இரண்டு பக்கமும் முகம் பார்த்துப் பேசி நான்கு மாதமாகிறது. ஒக்கலிபுரத்திலிருந்து ஆட்டோவில் பெண்களை ஏற்றி வந்து, புர்கா மாட்டிக் கள்ள ஓட்டுப் போட வைக்கப் போகிறார்கள், கண் கொத்திப் பாம்பாக இருங்கள் என்று கட்சி ஆபீஸில் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள்.

“எழுநூற்றுப் பதினொன்று, ஆயிஷா” என்று அலுவலர் வாசித்தார். அய்யாவு தன் பட்டியலைப் புரட்டினார். துணைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், போன மாதம் சேர்த்த பெயர். கணவர் அகமது. மசூதிச் சந்தில் ஆறு அகமதுகளை அவருக்குத் தெரியும். ஆறு வீட்டிலும் ஆயிஷா கிடையாது. ஏஜென்டுக்குத் தந்த பட்டியலில் படமும் இல்லை.

அவருக்கு உறுத்த இன்னொன்றும் இருந்தது. சற்றுமுன் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது இவளை வரிசையில் பார்த்தார். இவளுடைய குழந்தை அவர் மனைவி சரசுவின் இடுப்பில் இருந்தது. ஓட்டுப் போட்டு ஒரு மணி நேரமாகியும் சரசு வீட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, குழந்தை அழுதது, வாங்கிக்கொண்டேன் என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். வெள்ளந்தி, குழந்தையைக் காட்டி இவளை யாரும் ஏமாற்றிவிடலாம் என்று எரிச்சலோடு உள்ளே வந்தார்.

இப்போது எழுந்து நின்றார். “சார், இது கள்ள ஓட்டு. நாப்பது வருஷமா நான் இங்க இருக்கேன். இந்தப் பொம்பள இந்த ஏரியாவே கிடையாது.”

பெண் அலுவலர் அவளை மறைப்புக்குப் பின்னால் அழைத்துப் போய் முகத்தைத் தங்கள் பட்டியலில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருக்கிறது என்று வந்து சொன்னார். அய்யாவு விடவில்லை. படத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம், இவள் யார் வீட்டுப் பெண் என்பதுதான் கேள்வி என்றார்.

எதிர்க்கட்சி ஏஜென்ட் ரெமிஜியஸ் பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். எதற்கு அண்ணே வம்பு, உட்காருங்கள் என்றார். அதற்குள் செய்தி வெளியே பரவிவிட்டது. மசூதிச் சந்து ஆட்கள் ஒரு பக்கமும் கோயில் தெரு ஆட்கள் ஒரு பக்கமுமாக வாசலில் கூச்சல் கிளம்ப, போலீஸ்காரர் குறுக்கே போய் நின்றார்.

தலைமை அலுவலர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு படிவத்தை எடுத்து அய்யாவு முன்னால் வைத்தார்.

“ஸ்வல்ப, கொஞ்சம் யோசிங்க. நீங்க சொல்றது நிஜம்னா இவங்கள இப்பவே போலீஸ்ல ஒப்படைக்கணும். பொய்னா உங்க மேல கேஸ் வரும்.”

அவள் சாத்திய கதவையே பார்ப்பதை அய்யாவு கவனித்தார். தப்பிக்க வழி தேடுகிறாள் என்று தோன்றியது. இருந்த கொஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

“எழுதிக்குங்க சார். இவ யாருன்னே எனக்குத் தெரியாது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அலுவலர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். அவளை அடையாளம் சொல்லக்கூடியவர் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டார்.

அவள் முகத்திரையைத் தானே தூக்கினாள். ரெமிஜியஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“இருக்காரு சார். இப்ப கையெழுத்துப் போட்டாரே, அவர்தான் எங்கப்பா.”