ஒன்பதாம் மாடிக்கும் தண்டோரா

பெர்மாஸ் ஜெயா அடுக்குமாடி வாசலில் தண்ணீர் லோரி வந்து நிற்கிறது. குழாய்கள் காய்ந்து மூன்று நாளாகிறது. லோரியோ அரை மணி நேரம்தான் நிற்கும். வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று செல்லம் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் மூன்று முறை அடிக்கிறாள், நாய்கள் ஓயும்வரை பொறுக்கிறாள், பிறகு தமிழிலும் மலாயிலுமாக அடிவயிற்றிலிருந்து கூவுகிறாள். "தண்ணி வந்திருச்சு! ஆயேர் டா சம்பாய்! எறங்கி வாங்க லா!" மாடி மாடியாகச் சன்னல்கள் திறக்கின்றன. ஒன்பதாம் மாடியில் ஒன்று மட்டும் மூடியே கிடக்கிறது. "அந்த வீட்ல ஆளில்ல போலக்கா," என்கிறார் லோரிக்காரர். "இருக்காங்க. மீரா பீவிக்குக் காதுதான் கேக்காது." செல்லம் தாம்பாளத்தை வெயிலுக்குச் சாய்க்கிறாள். வெளிச்சத் துண்டு ஒன்று சுவரில் தாவி ஏறி அந்தக் கண்ணாடியில் நின்று துள்ளுகிறது. சன்னல் திறக்கிறது, முகத்துக்கு முன்னால் வாளி எட்டிப் பார்க்கிறது.