ஒன்றிலிருந்து ஏழு வரை

காலையில் எழுந்ததும் வெற்றிசெல்வன் பிளாஸ்டிக் ஜக்கில் சிறுநீர் கழித்து அளவு பார்த்தான்.

அளவைக் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதினான். ஜக்கைக் கழுவிக் கவிழ்த்தான். எடை பார்த்தான். பிரஷர் பார்த்தான். மாத்திரைகளை வெந்நீரில் விழுங்கினான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தான்.

சாப்பிட்டதும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, அம்மாவுடன் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறினான்.

திருச்சியிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதம் ஒருமுறை புதுக்கோட்டைக்கு வந்து, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். டாக்டர் அவன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கிட்னி அருமையாக வேலை செய்கிறதாம்.

அது அவன் மனைவி சுகுணாவுடையது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போன சுகுணா கண் விழிக்கவே இல்லை. கிட்னி மட்டும் அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டது.

டாக்டரை அடுத்து, நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் பெண். மோகனப்ரியா என்று சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தாள். அவள் நீட்டிய தாளில் 'உங்கள் நன்றியுணர்வை நீங்களே அளந்து பாருங்கள்' என்று பூப்போட்ட எழுத்தில் தலைப்பு. கீழே ஆறு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள்; ஒன்று என்றால் துளியும் இல்லை, ஏழு என்றால் முழுக்க ஆமாம்.

"மனசுல என்ன தோணுதோ அதைச் சுழிங்க சார். இதுல தப்பு, ரைட்டுன்னு எதுவும் கிடையாது" என்றாள். "நல்ல ஸ்கோர் வர்றவங்களத்தான் உறுப்பு தான விழாவுல மேடை ஏத்தப்போறோம்."

எம்.பி.ஏ. படித்தபோது புராஜெக்டுக்காக அவனும் இப்படி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக அலைந்தவன்தான். முதலாளி பக்கத்தில் நின்றால் கடை ஆட்கள் எல்லோரும் ஏழைத்தான் சுழிப்பார்கள்.

இப்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கேட்டுருக்காக? வாய்விட்டுப் படி."

'பிறர் எனக்காகச் செய்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.' படித்தான்.

"ஏழு போடு. இதுல என்னத்த யோசிக்கிற? நம்மள மாதிரி குடுத்துவச்சவுக யாரு இருக்கா?"

பஸ் ஸ்டாண்டில் தின்ற பஜ்ஜியின் எண்ணெய் வாடை அவள் பேச்சோடு வந்தது. முகக்கவசத்தைத் தாண்டி வந்தது.

ஏழைச் சுழித்தான். அடுத்ததற்கும் ஏழு. அதற்கடுத்ததற்கும். பெல்ட்டுக்குக் கீழே, வலப்பக்கம், சுகுணாவுடையது மேடிட்டுக் கிடந்தது. குனியும்போதெல்லாம் இடித்தது.

நான்காவது: 'நன்றி சொல்லும்படியாக எனக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை.'

"அதுக்கும் ஏழு."

மோகனப்ரியா சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா, அது தலைகீழ்க் கேள்வி. அதுக்கு ஒண்ணு போட்டாத்தான் மார்க்கு."

"அப்ப ஒண்ணு போடுப்பா. நமக்கு மார்க்குத்தான வேணும்?"

அவன் ஏழைச் சுழித்து முடித்திருந்தான்.

"வொயிட்னர் தரவா சார்?"

வேண்டாம் என்று தலையாட்டினான்.

அம்மா மோகனப்ரியாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தங்கமான பொண்ணும்மா எம் மருமக. மணமேல்குடிப் பக்கம். நான்தான் குடுக்குறதா இருந்துச்சு. விட மாட்டேன்னுட்டா. 'நீங்க பேசாம இருங்கத்தை, எம் புருசனுக்கு நான் குடுக்குறேன்'னு ஒத்தக் கால்ல நின்னா."

அம்மாவின் ரத்தம்தான் முதலில் பொருந்தியது. நார்த்தாமலைக் கோயிலுக்குப் பால்குடம் வேண்டியிருக்கிறேன், எடுத்து முடிக்கும்வரை உடம்பில் கத்தி படக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பங்குனித் திருவிழா போய்விட்டது. குடம் இன்னும் எடுக்கவில்லை.

கிட்னி தானத்துக்கு அனுமதி தரும் குழுவினர் கேட்டபோது சுகுணா 'முழு சம்மதம்' என்றாள். வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் சுகுணாவின் அப்பா, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

மோகனப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்திருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"மேடையில மேடம் போட்டோவப் பெருசா வைக்கிறோம் சார். நீங்க ரெண்டே நிமிசம் பேசினாப் போதும். தியேட்டருக்குள்ள போறப்ப அவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னு அதை மட்டும் சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு நாலு பேராவது குடுக்க முன்வருவாங்க."

"ஒங்களுக்காக உசுரையே குடுப்பேன்னு சொன்னாம்மா" என்றாள் அம்மா. "சிரிச்ச மொகமாப் போனா."

அம்மா அப்போது அங்கே இல்லை. கீழே பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தாள். இரண்டு ஸ்ட்ரெச்சர்களும் கதவருகே பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நர்ஸ் தொப்பி எடுக்க உள்ளே போயிருந்தாள். சுகுணா கையை நீட்டி அவன் போர்வையைப் பிடித்தாள்.

"சார்?" என்றாள் மோகனப்ரியா. "அப்படியே எழுதிக்கட்டுமா?"

வெற்றிசெல்வன் முகக்கவசத்தைக் கழற்றினான். அம்மாவைப் பார்த்துக்கொண்டே, சுகுணா சொன்னதைச் சொன்னான்.

"ஏங்க, இப்ப வேணாம்னு சொன்னாக்கூட விட்ருவாங்களா?"