இருபத்தேழாம் ஸ்லைடு

ஜெசிந்தா மேடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பக்கத்தில் அவன் நின்றான்.

இருபத்தேழாம் ஸ்லைடு.

கஞ்சா புகைப்பவர்களின் சளியையும் புகைக்காதவர்களின் சளியையும் ஒப்பிடும் ஆய்வு அது. அவனுடைய எம்.டி. படிப்புக்கானது. மேடம்தான் வழிகாட்டி. முதல் இருபத்தைந்து பேர் புகைப்பவர்கள். அடுத்த இருபத்தைந்து பேர் எந்தப் புகையையும் தொடாதவர்கள்.

இருபத்தேழாவது ஆள் சொன்ன நாளில் வரவில்லை. மறுநாள் காலை அவன் தன் சளியையே டப்பாவில் பிடித்தான். மேலே அந்த ஆளின் பெயரை எழுதினான்.

அவன் கஞ்சா இழுப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். ஹாஸ்டல் மொட்டை மாடியில். அதெல்லாம் ஸ்லைடில் தெரியாது என்று நினைத்திருந்தான்.

"இங்க பாருப்பா."

குனிந்து பார்த்தான்.

மூச்சுக்குழாய்ச் செல்களின் தலையில் மெல்லிய ரோமங்கள் இருக்கும். தூசியையும் சளியையும் ஓயாமல் மேலே தள்ளுபவை. இங்கே பல செல்களில் அவை இல்லை. அந்தச் செல்கள் தோல் செல்களைப் போலத் தட்டையாகிக் கிடந்தன. நடுநடுவே, கரியை விழுங்கிக் கறுத்த செல்கள்.

முதல் இருபத்தைந்திலும் இதையேதான் பார்த்தான். அப்போது எண்ணிக் குறித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தான்.

"புகைக்காதவர்னு போட்டிருக்கே. என்ன வேலை பார்க்கிறார்?"

"பேக்கரியில, மேடம். அடுப்படியில."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"பாவம். இருபத்தெட்டு வயசுதானே?" மேடம் நிமிர்ந்தார். "அடுப்புப் புகைக்கே இப்படி ஆயிருக்கு பாரு. பயமுறுத்தாமச் சொல்லணும். வேலையை மாத்திக்கிட்டா இன்னும் சரியாக வாய்ப்பிருக்கு."

உடனே போனை எடுத்தார். நுரையீரல் பிரிவில் யாரிடமோ கெஞ்சினார். "ஏழைப் பையன்மா, எனக்காகப் பாரு" என்றார். மூச்சுப் பரிசோதனைக்கு நேரம் வாங்கினார்.

அவனுக்கு இருமல் வந்தது. அடக்கினான்.

"நாளைக்குப் பத்து மணி. வந்துடுவாரா?"

அவன் ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"வந்துட்டார், மேடம்."

மேடம் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.



"எத்தனை வருஷமா?"

குரலில் கோபம் இல்லை.

கோபப்பட்டிருக்கலாமே.